பாலம் கட்ட நிதி உண்டு, பழுதுபார்க்க?

புது தில்லி: கிராமத்து ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்து உயிர்கள் பலியாகும்போது நடப்பவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடக்கின்றன. தலைநகரிலிருந்து இரங்கல் செய்தி வெளியாகிறது. மாநில முதல்வர் நிவாரணத் தொகையை அறிவிக்கிறார். விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது. சில பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகின்றனர். நாடாளுமன்றக் கூட்டத் தொடர் நடைபெறும் காலமாக இருந்தால் அவையில் கேள்வியும் எழுகிறது. ஆனால், இடிவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது, அதற்கான பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருந்தது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைப்பதில்லை.

மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தில் 2025 ஜூன் 15-ஆம் தேதி நிகழ்ந்த விபத்து இதற்கு அண்மைக்கால உதாரணம்.

மூடியும் திறந்திருந்த பாலம்: மாவல் வட்டத்தில், தளேகாவ் தாபாடேவுக்கு அருகே இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளது குண்ட்மளா. துகாராம் வாழ்ந்த தேஹுவையும், ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஆளந்தியையும் தொட்டுச் செல்லும் அதே இந்திராயணிதான். பாறைக் குழிகளுக்கு இடையே நீர் சுழித்தோடும் அழகைக் காண மழைக்காலத்தில் புணே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதி மக்கள் அங்கு திரள்வது வழக்கம். ஆற்றைக் கடக்கச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட குறுகலான இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. உள்ளூர் விவசாயிகளும் கிராமவாசிகளும் அன்றாடம் நடந்து செல்வதற்காகக் கட்டப்பட்டது அது. நாளடைவில் சுற்றுலாப் பயணிகள் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்க்கும் மேடையாகவும் மாறிவிட்டது.

பாலம் பாதுகாப்பற்றது என்று அதிகாரிகள் முன்பே அறிவித்திருந்தனர். எச்சரிக்கைப் பலகையும் வைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையான அன்று பிற்பகல் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலத்தின் மீது நின்றிருந்தனர். இரு சக்கர வாகனங்களும் அதில் ஏறியிருந்தன. பாலம் சரிந்ததில் 4 பேர் உயிரிழந்தனர். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த இடத்தில் புதிய பாலம் கட்டுவதற்கு ரூ. 8 கோடி ஒதுக்கப்பட்டு, விபத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான் பணி ஆணை வழங்கப்பட்டிருந்தது.

ஆக, ஆபத்து அரசுக்குத் தெரிந்திருந்தது, நிதியும் இருந்தது. பழைய பாலத்துக்கும் புதிய பாலத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் மக்கள் எவ்வழியே ஆற்றைக் கடப்பது என்பதற்கு மட்டும் திட்டம் எதுவும் இருக்கவில்லை. காகிதத்தில் மூடப்பட்டு, நடைமுறையில் திறந்தே கிடந்த பாலம்தான் நான்கு உயிர்களைப் பறித்தது.

இதற்கு அடுத்த மாதமே, ஜூலை 9-ஆம் தேதி, குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மீது வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைத்த கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. வாகனங்கள் ஆற்றில் விழுந்ததில் 20 பேருக்கு மேல் இறந்தனர். அங்கும் பாலம் சுமார் நாற்பது ஆண்டுகள் பழைமையானது. மாற்றுப் பாலத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டிருந்தது. பழைய பாலத்தில் போக்குவரத்தும் தொடர்ந்தது.

யாருடைய பாலம்?: அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனமாகச் சாலைகள், பாலங்கள், படகுத் துறைகள் ஆகியவை இடம் பெற்றுள்ளன. தேசிய நெடுஞ்சாலைகள் மட்டுமே மத்திய அரசின் பொறுப்பு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட பதினொன்றாவது அட்டவணை, சாலை, சிறு பாலம், பாலம், படகுத் துறை ஆகியவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக் கூடிய பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஒப்படைக்கலாம் என்கிறதே தவிர, ஒப்படைக்க வேண்டும் என்று கூறவில்லை. பணியும் அதிகாரமும் பணமும் ஒருசேர ஊராட்சிகளைச் சென்றடைந்த மாநிலங்கள் மிகக் குறைவு.

இதன் விளைவாக, ஒரே ஆற்றின் மீதுள்ள பாலங்களுக்குப் பொதுப்பணித் துறை, ஊரகப் பணித் துறை, மாவட்ட ஊராட்சி, நீர்வளத் துறை எனப் பல உரிமையாளர்கள் உருவாகியுள்ளனர். பிகாரில் 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் இடிந்தபோது இந்தக் குழப்பத்தின் முழு வடிவம் வெளிப்பட்டது. சிவான், சாரண் மாவட்டங்களில் இடிந்தவற்றில் பல, பழைய சிறு பாலங்கள். ஆற்றில் தூர் வாரும் பணியின்போது பாலங்களின் அடித்தளத்தைக் காக்க உரிய முன்னெச்சரிக்கை எடுக்கப்படவில்லை என்று மாநில நீர்வளத் துறையின் விசாரணையிலேயே தெரிய வந்தது. நீரோட்டத்தைச் சீர்படுத்தத் தோண்டியவர்கள் தூண்களின் பிடிமானத்தைப் பார்க்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

புதியதற்கே முன்னுரிமை: கிராமப் பாலங்களுக்குத் தில்லியிலிருந்து பணம் செல்வதில்லை என்று கூற முடியாது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் எண்ணற்ற கிராமங்களுக்குச் சாலையையும் பாலத்தையும் கொண்டு சேர்த்தது. அதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ. 70,125 கோடி, இலக்கு 62,500 கி.மீ. சாலை. ஆனால், இத்திட்டத்தில் அமைக்கப்படும் சாலைகளை முதல் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டும். அதற்கான செலவும் பிந்தைய பராமரிப்பும் மாநிலங்களைச் சார்ந்தவை. நிதி நெருக்கடி ஏற்படும்போது மாநிலங்கள் முதலில் கை வைப்பது பராமரிப்புச் செலவில்தான்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியின் கதையும் இதுதான். ஆண்டுக்கு ரூ. 5 கோடி ஒதுக்கப்படும் இந்த நிதியில் புதிதாகப் பாலம் கட்டலாம். ஆனால், 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் அனுமதிக்கப்படாத பணிகளின் பட்டியலில் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் இடம் பெற்றிருந்தன. நீடித்த சொத்துகளை உருவாக்குவதே நிதியின் நோக்கம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். சொத்து நீடிக்க வேண்டுமானால் பராமரிப்பு தேவை என்ற எளிய உண்மை அந்த நெறிமுறைகளில் இடம் பெறவில்லை. புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு. திறப்பு விழா உண்டு. கல்வெட்டில் பெயர் உண்டு. துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதற்கும், தளர்ந்த மரையாணியை மாற்றுவதற்கும் விழா இல்லை.

நெடுஞ்சாலைக்கு ஒரு நீதி: நினைத்தால் எவ்வளவு விரைவாகச் செயல்பட முடியும் என்பதற்கும் மகாராஷ்டிரத்திலேயே சான்று உள்ளது. 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு, மும்பை-கோவா நெடுஞ்சாலையில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மீதிருந்த பிரிட்டிஷ் காலத்துப் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றில் மூழ்கின. புதிய பாலத்தின் கட்டுமானப் பணி 165 நாள்களில் முடிக்கப்பட்டு, 2017 ஜூன் 5-ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

அந்த விபத்துக்குப் பின், 2016 அக்டோபரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தியப் பால மேலாண்மை அமைப்பைத் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் அடையாள எண் அளித்து, அதன் நிலையைப் பதிவு செய்வதே நோக்கம். சுமார் 1.6 லட்சம் பாலங்கள் ஆய்வுக்கு உள்படுத்தப்பட்டு வருவதாகவும், அவற்றில் 100 பாலங்கள் எந்நேரமும் இடியக் கூடிய நிலையில் இருப்பதாகவும் 2017 ஆகஸ்டில் மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். அரசே இவ்வாறு கணக்கெடுத்து அவையில் ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால், அந்தக் கணக்கு நெடுஞ்சாலைகளோடு நின்றது. குண்ட்மளா போன்ற நடைபாலங்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எண் இல்லாத பாலத்துக்கு ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாத பாலத்துக்கு நிதி இல்லை.

பெயரளவுக்குப் பழுதுபார்த்தால்: பழுதுபார்த்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மீது 1879-இல் திறக்கப்பட்ட தொங்கு பாலம், மக்கள் பொழுதுபோக்குக்காகக் கட்டணம் செலுத்தி நடக்கும் இடமாக விளங்கியது. பழுதுபார்ப்புக்காக 2022 மார்ச்சில் மூடப்பட்டது. குஜராத்திப் புத்தாண்டு நாளான அக்டோபர் 26-இல் மீண்டும் திறக்கப்பட்டது. நான்காம் நாள், அக்டோபர் 30 மாலையில் அறுந்து விழுந்தது. 135 பேர் உயிரிழந்தனர்.

மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முதல்கட்ட அறிக்கை கூறியவை அதிர்ச்சி அளிப்பவை. முக்கிய வடங்களில் ஒன்றிலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்னரே துருவால் அரிக்கப்பட்டிருந்தன. பழைய தொங்கு கம்பிகளுடன் புதியவை பற்றவைக்கப்பட்டிருந்தன. மரப் பலகைத் தளத்துக்குப் பதிலாக வளைந்து கொடுக்காத அலுமினியத் தளம் பொருத்தப்பட்டிருந்தது. சுமை சோதனை நடத்தாமலேயே பாலம் திறக்கப்பட்டது. கண்ணில் படும் தளம் புதிதாக்கப்பட்டது. உயிரைத் தாங்கும் வடம் அப்படியே விடப்பட்டது.

கட்டண நுழைவுச் சீட்டு விற்ற இடத்தில்கூட, ஒரே நேரத்தில் எத்தனை பேரை அனுமதிப்பது என்ற வரம்பு பின்பற்றப்படவில்லை. கூட்டம் நெருக்கியடித்து நிற்கும்போது நடைபாலம் தாங்க வேண்டிய எடை சாதாரணமானதல்ல. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறைப்படி, கூட்டம் கூடும் இடங்களில் நடைபாதையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 500 கிலோ எடையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். நாலைந்து பேர் நடந்து செல்லக் கட்டிய கிராமத்துப் பாலத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிரப்பும்போது, அது வேறு வகைப் பாலமாகவே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை எந்தத் துறையும் பதிவு செய்வதில்லை.

செய்யக் கூடியவை: இதற்குப் பெருந்தொகையும் வெளிநாட்டுத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. தட்சிண கன்னட மாவட்டம் சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரிஷ் பரத்வாஜ், 1989-இல் பயஸ்வினி ஆற்றின் மீது அரம்பூரில் முதல் தொங்கு நடைபாலத்தை அமைத்தார். பின்னர் பல மாநிலங்களின் உட்கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் குறைந்த செலவில் கட்டினார். 2017-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கட்டுவது இவ்வளவு எளிதாகும்போது, காப்பது இயலாத காரியமல்ல.

மழைக்கு முன்பும் பின்பும் தூண்களின் அடியில் மண் அரிப்பு உள்ளதா, இரும்புப் பாகங்களில் துரு எவ்வளவு, தாங்கு பட்டைகள் அசைகின்றனவா, தளத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பதே ஆய்வின் சாரம். பாலங்களை ஆய்வு செய்து பராமரிப்பதற்கான விரிவான வழிகாட்டு நெறிகளைச் சாலைக் காங்கிரஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டது. பிகார் அமைச்சரவை 2025-இல் பாலப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்து, ஐஐடி நிபுணர்களை ஆய்வில் ஈடுபடுத்த முடிவு செய்தது. அதிகமாக அடிபட்ட மாநிலம் முதலில் விழித்துக்கொண்டது என்று கொள்ளலாம்.

மற்ற மாநிலங்களும் பின்பற்றக் கூடிய சில நடவடிக்கைகள் உள்ளன. நெடுஞ்சாலைப் பாலங்களைப் போலவே கிராமப் பாலங்களுக்கும் மாவட்டவாரியாக எண் அளித்து, பொறுப்பு அதிகாரியின் பதவியைப் பாலத்திலேயே எழுதி வைக்கலாம். புதிய பாலத்துக்கு நிதி ஒதுக்கும்போதே பழைய பாலத்தின் இடைக்காலப் பழுதுபார்ப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். பாலத்தை மூட வேண்டியிருந்தால், தற்காலிக நடைபாலமோ படகோ ஏற்பாடு செய்த பிறகு, ஏற முடியாதபடி இரு முனைகளிலும் தடுப்பு அமைக்கலாம். சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் ஆற்றைப் பார்ப்பதற்குக் கரையில் தனி மேடை அமைத்தால், கடப்பவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் ஒரே பாலத்தில் நெருக்க வேண்டியிராது.

ஆற்றங்கரைக்கு மக்கள் வருவதைத் தடை உத்தரவுகளால் நீண்ட நாள் நிறுத்த முடியாது. வயலுக்கும் பள்ளிக்கும் செல்வோரைத் தடுப்பது நியாயமும் ஆகாது. குண்ட்மளாவில் வைக்கப்பட்ட எச்சரிக்கைப் பலகை, விபத்துக்குப் பின் அதிகாரிகளுக்கு ஒரு பதிலாகப் பயன்பட்டது. பாலத்தின் மீது நின்றவர்களுக்குப் பயன்படவில்லை. நாட்டின் கிராமப் பாலங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பழுதடைந்துள்ளன, பழுதுபார்க்க ஒதுக்கிய தொகை எவ்வளவு என்ற கேள்வியை நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டப்பேரவை உறுப்பினர்களும் அடுத்த விபத்துக்கு முன்பே எழுப்ப வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு அரசுகள் அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவை.