பாலைவனத்தில் வாழும் மீன்கள்



ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் வாழும் நமக்கு, பாலைவனம் என்றதும் மணலும் வெயிலுமே நினைவுக்கு வரும். அங்கு மீன் வாழ்கின்றது என்றால் வியப்படைவோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 145 கிலோமீட்டர் தொலைவில், ஆஷ் மெடோஸ் என்னும் வனவிலங்குக் காப்பகம் உள்ளது. 23,000 ஏக்கருக்கும் அதிகமான அப்பாலை நிலத்தில் நீலநிற ஊற்றுகள் பல சுரக்கின்றன. உலகில் வேறெங்கும் காணப்படாத செடிகளும் உயிரினங்களுமாக 20-க்கும் மேற்பட்டவை அங்கு உள்ளன.

மழை அரிதான இடத்தில் இவ்வளவு நீர் எப்படி வந்தது? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையும் உருகிய பனியும் நிலத்துள் இறங்கின. பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல நகர்ந்த அந்நீரே இன்று ஊற்றாக மேலெழுகின்றது.

காப்பக நிலம் சூழ்ந்த குன்று ஒன்றில், 'டெவில்ஸ் ஹோல்', அதாவது 'பேய்க்குழி' என்னும் நீர் நிறைந்த குகை உள்ளது. அதன் ஆழம் 130 மீட்டருக்கும் அதிகம். அடியை இதுவரை எவரும் கண்டதில்லை. ஏறக்குறைய 33 பாகை வெப்பமுள்ள அந்நீரில் ஓரங்குல நீளமுள்ள பப்ஃபிஷ் மீன்கள் வாழ்கின்றன. நாய்க்குட்டிபோல் துள்ளி விளையாடுவதால் இப்பெயர் பெற்றன. நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, நம் வகுப்பறையினும் சிறிய பாறைத் திட்டு ஒன்று உண்டு. அதில் படரும் பாசியே அவற்றின் உணவு. அத்திட்டே முட்டையிடும் இடம்.

1960-களின் பிற்பகுதியில், அருகிலிருந்த பண்ணைகளில் பயிருக்காக ஆழ்கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. குகையின் நீர்மட்டம் தாழ்ந்து, பாறைத் திட்டு வெளியே தெரியலாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1976-ஆம் ஆண்டில், மீன்கள் வாழ்வதற்கு வேண்டிய நீர்மட்டம் காக்கப்படவேண்டும் என நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1984-இல் சுற்றுப்புறமும் காப்பகமாயிற்று.

அங்குச் செல்வோர் மரப்பலகைப் பாதைகளில் நடந்து, தெளிந்த ஊற்றுகளில் நீந்தும் வேறு சிறு மீன்களைக் காணலாம். பேய்க்குழியையோ வேலிக்கு அப்பால் மேலே நின்றுதான் பார்க்க இயலும். இக்கட்டுப்பாடு வீணன்று. முன்னர் மக்கள் கொண்டுவந்து விட்ட வெளியூர் மீன்களும் தவளைகளும் நண்டினங்களும் ஊற்றுகளில் பெருகி, அங்கேயே பிறந்த உயிர்களுக்குக் கேடு விளைவித்தன. ஆஷ் மெடோஸ் குளமீன் என்னும் இனம் அடியோடு அழிந்தது.

பேய்க்குழியில் 2013-இல் எண்ணியபோது 35 மீன்களே இருந்தன. பெருமுயற்சியால் 2024-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவை 191 ஆயின. பின்னர் நில அதிர்வுகளால் எழுந்த அலைகள் பாறைத் திட்டிலிருந்த பாசியை அடித்துச் செல்ல, 2025-இன் தொடக்கத்தில் எண்ணிக்கை 38 ஆகக் குறைந்தது. காப்பகத் தொட்டியில் வளர்க்கப்பட்ட மீன்கள் அங்குக் கொண்டுசென்று விடப்பட்டன.

மாணவர்களே! ஓரிடத்தில் இறைக்கும் நீர் மற்றோரிடத்தில் உயிரை வாட்டும் என்பதை இம்மீன்கள் நமக்குக் கற்பிக்கின்றன. வீட்டுத் தொட்டி மீன் வேண்டாமெனில், அதை இரக்கத்தோடுகூட ஆற்றில் விடாதீர்கள். வளர்க்க விரும்பும் நண்பரிடம் கொடுங்கள். நம் ஆற்று மீன்களுக்கு நாம் செய்யும் நன்மை அங்கிருந்து தொடங்கட்டும்.