கஞ்சாவைச் சோதித்தறியும் வகை

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி வழியாகச் சென்னைக்குச் செல்லும் சாலையும், சித்தூரிலிருந்து காட்பாடி, வேலூர் நோக்கி இறங்கும் சாலையும் கஞ்சாக் கடத்துவோர் பயன்படுத்தும் வழிகளாகும். விசாகப்பட்டினத்திற்கு மேற்கேயுள்ள மலைப்பகுதிகளில் களவாகப் பயிரிடப்பெறும் சரக்கின் ஒரு பகுதி இவ்வழிகளில் தென்னாடு புகுகின்றது. சோதனைச் சாவடியில் மூட்டை பிடிபட்டதும் எழும் முதல் வினா, இது கஞ்சாதானா என்பது. எளிய வினாவாகத் தோன்றினும், பிடிபட்டவருடைய வாழ்நாளிற் பல ஆண்டுகள் இதன் விடையைப் பொறுத்தன.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கஞ்சா என்பது அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளே என வரையறுக்கின்றது. நுனிகளோடு சேராது தனித்திருக்கும் இலையும் விதையும் சட்டப்படி கஞ்சா ஆகா. 1 கிலோகிராம் வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். 20 கிலோகிராமுக்கு மேற்படின் வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள், கூடினால் 20 ஆண்டுகள். சரக்கின் வீரியம் எவ்வளவு என்று இங்கே சட்டம் கேட்பதில்லை. எடையை மட்டுமே கேட்கின்றது.

ஆதலின் சோதனை கண்ணிலிருந்தே தொடங்கல் வேண்டும். கஞ்சா இலையின் மேற்புறத்தில் கரடிநகம் போல் வளைந்த நுண்ணிய மயிர்கள் உண்டு. அவற்றின் அடியில் சுண்ணாம்புக் கார்பனேட்டுக் கட்டி அமைந்துள்ளது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் அது நுரைத்தெழுவதை நுண்பெருக்கியிற் காணலாம். பெண்பூக்களைச் சூழ்ந்த சிற்றிலைகளில் பிசின் சுரக்கும் காம்புடைய சுரப்பிகள் நெருங்கியிருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே தென்படின் ஐயம் பெரிதும் நீங்கும்.

அடுத்து வருவது நிறச் சோதனை. பிரான்சு நாட்டு இரசாயனியான டுகெனுவா வகுத்து, பின்னர் லெவின் திருத்திய முறை இதுவே பெரிதும் கையாளப்படுகின்றது. வனில்லினும் அசிட்டால்டிஹைடும் எரிசாராயத்திற் கரைந்த நீர்மத்தைச் சரக்கின் சாறுடன் சேர்த்து, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் ஊதா நிறம் தோன்றும். அதனோடு நின்றுவிடலாகாது. வறுத்த காப்பித்தூளும் வேறு சில தாவரப் பொருள்களும் ஏறத்தாழ அதே நிறத்தைக் காட்டவல்லன. எனவே குளோரோபாரம் சேர்த்துக் குலுக்கி, நிறம் அடியிலுள்ள குளோரோபாரப் படலத்திற்கு இறங்குகின்றதா என நோக்க வேண்டும். இறங்கினும் அது முதல் அறிகுறியேயன்றி முடிந்த முடிபன்று. இலையும் நாருக்காக வளர்க்கும் செடியுங்கூட இந்நிறத்தைத் தரும்; நுனியா இலையா என்பதை நிறம் சொல்லாது. சாவடியில் இச்சோதனைப் பெட்டியைக் கையாள்வோர் சிலர் இதனையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வது பெரும்பிழை.

ஆய்வுக்கூடத்தில் மென்படல நிறப்பிரிகை முறையால் சாற்றிலுள்ள பொருள்கள் தனித்தனியே பிரிக்கப்பெறுகின்றன. பாஸ்ட் புளூ என்னும் சாயத்தைத் தெளித்தால் டெட்ராஹைட்ரோகன்னபினால் சிவப்பாகவும், கன்னபிடயோல் செம்மஞ்சளாகவும், கன்னபினால் ஊதாவாகவும் புள்ளியிடும். இவற்றுள் மயக்கந் தருவது முதலாவதே. இதனைத் தூய நிலையிற் பிரித்து அமைப்பை நிறுவியவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த கவோனியும் மெக்கூலமும், ஆண்டு 1964. இந்தியச் சரசிலிருந்து உட், ஸ்பைவி, ஈஸ்டர்பீல்டு என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் 1896-இலேயே ஒரு செந்நிற எண்ணெயைப் பிரித்திருந்தும், உண்மைப் பொருள் அகப்பட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. அதுவரை வீரியத்தை அளக்க வேறு வழியின்றி, மருந்தை நாய்க்கு ஊட்டி அதன் தள்ளாட்டத்தைப் பார்த்து மதிப்பிட்டு வந்தனர்!

இன்று வீரியம் வாயு நிறப்பிரிகைக் கருவியாலும் நீர்ம நிறப்பிரிகைக் கருவியாலும் அளக்கப்பெறுகின்றது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத்தக்கது. பசுஞ்செடியில் இருப்பது பெரும்பாலும் மயக்கந் தராத அமில வடிவமே. சூடேறும்போது அது கரியமில வாயுவை இழந்து மயக்கப் பொருளாக மாறுகின்றது. வாயுக் கருவியின் சூட்டில் இம்மாற்றம் தானே நிகழ்வதால் அது மொத்தத்தையே காட்டும். நீர்மக் கருவி இரண்டையும் தனித்தனியே காட்டும். அமிலத்தின் மூலக்கூறு எடை சுமார் 358, போவது 44, எஞ்சுவது 314. ஆகவே அமிலத்தின் அளவை 0.877-ஆற் பெருக்கி, முன்னரே உள்ள மயக்கப் பொருளுடன் கூட்டினால் மொத்த வீரியம் கிடைக்கும்.

தண்டனைக்கு வேண்டாத இக்கணக்கு பிறவற்றிற்கு இன்றியமையாதது. நார்ப் பயிராக இச்செடியை வளர்க்க 2018-இல் உரிமம் அளிக்கத் தொடங்கிய உத்தரகண்டம், மயக்கப் பொருள் 0.3 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என விதித்தது. அங்கே தசமப் புள்ளிக்குப் பின் வரும் ஓர் எண் உழவனின் விளைச்சலைக் காப்பாற்றவும் அழிக்கவும் கூடும்.

களப்பணியாளர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒளியும் காற்றும் வெப்பமும் பட்டால் மயக்கப் பொருள் மெல்லச் சிதைந்து கன்னபினாலாக மாறும். சித்தூர்க் கோடையில் தகரக் கூரையின் கீழ்க் கிடக்கும் மாதிரி நாளடைவில் வலுவிழக்கும். ஈரத்தோடு கட்டிய சரக்கில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உலர்ந்தால் எடையும் குறையும். 21 கிலோகிராம் என எழுதிய மூட்டை பின்னர் 19 நிற்குமாயின், மாற்றிவிட்டார்களோ என்னும் ஐயம் நீதிமன்றத்தில் எழும். அன்றியும் 20 என்னும் எல்லையே நடுவில் நிற்கின்றது. பிடித்த அன்றே எடையோடு ஈரநிலையையும் குறித்து வைத்தல் நலம். 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்கும் கஞ்சா மாதிரி ஒவ்வொன்றும் 24 கிராமுக்குக் குறையாது, இரட்டையாக இருத்தல் வேண்டும். அதில் பூநுனிகள் சேர்ந்துள்ளனவா என அப்பொழுதே நோக்குக. மூட்டையின் அடியிலுள்ள தூளை மட்டும் அள்ளி அனுப்பினால் ஆய்வாளருக்கு நுனியைக் காண வழியிராது.

வகுப்பிற் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர் கஞ்சாவைத் தேடுதல் ஆகாது, வைத்திருத்தலே குற்றம். ஆலிலையை மெல்லிய குறுக்குவெட்டாகச் சீவி நுண்பெருக்கியின் கீழ் வைத்தால் மேற்றோலின் உயிரணுக்களில் அதே வகைச் சுண்ணாம்புக் கட்டி தொங்குவதைக் காணலாம். நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டதும் அது குமிழியிட்டுக் கரையும்.