பதின்மூன்று வயதில் ஒரு வாசிப்பு

மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பெனே இஸ்ரேல் யூதர். வீட்டில் பேசுவது மராத்தி. பேண் ஊரார் 'பேண்கர்' என்பதுபோல, கொங்கண ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள். முன்பு செக்காட்டிய சமூகம்; சனிக்கிழமை செக்கு ஓடாது. ஆகவே 'சனிவார் தேலி' என்று ஊரார் அழைத்தனர்.

1996-ல் அவர் மகனுக்கு 'பார் மிட்ஸ்வா'. 13 வயது நிறைந்த பையன் சபையில் தோரா சுருளை எபிரேயத்தில் வாசிக்க வேண்டும்; அதுமுதல் சமயக் கடமைகளுக்கு அவனே பொறுப்பு. கையால் எழுதிய அச்சுருளில் உயிர்க்குறிகள் கிடையா. நம் க, கா, கி எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எப்படி! பையன் வெள்ளிக் குச்சியால் வரியைக் காட்டியபடி தடுமாறாமல் வாசித்தான்.

"எத்தனை நாள் பயிற்சி?" என்றேன்.

"ஒரு வருஷம். தினம் அரை மணி."

வீடு திரும்பி, ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதத்தை என் மகளிடம் நீட்டினேன். அவளுக்கும் 13 வயதுதான்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்கப்பா" என்றாள்.

மறுநாள் முதல் எங்கள் வீட்டிலும் அரை மணி. அடுத்த தீபாவளிக்குப் பாட்டிக்கு அவளே கடிதம் எழுதினாள், பிழைகளோடு. அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டினாராம்.

இன்று பேரனுக்கு 12 வயது. அம்மா இல்லை, அவர் கடிதங்கள் இருக்கின்றன. அவைதான் அவனுக்குப் பாடம். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கடிதங்கள் இருக்குமே?