மூளைத் தூண்டியும் மின்னூட்டமும்

பளையை அடுத்த புலோப்பளையில் 2014 ஆம் ஆண்டு காற்றாலைகள் அமைக்கப்பட்டன. காற்று தரும் மின்சாரம் விளக்கெரிக்கவும் நீரிறைக்கவும் உதவுவதை யாவரும் அறிவர். மனித உடலினுள் பொருத்தப்பட்டு மூளையைத் தூண்டும் கருவியொன்றின் மின்கலத்துக்கும் வீட்டு மின்சாரத்தால் ஊட்டமளிக்கலாம் என்பது பலர் அறியாதது. அக்கருவியின் இயல்பையும், அது பளை போன்ற ஊர்களில் பயன்தருவதற்கு வேண்டிய நிலைமைகளையும் இங்கு நோக்குவோம்.

பாக்கின்சன் நோயில், மூளையிலே டோபமீனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிகின்றன. நடுக்கம், விறைப்பு, அசைவின் மந்தம் என்பன அதன் விளைவுகளாம். 1960களில் வழக்குக்கு வந்த லெவோடோபா மருந்து பெரும் பயனளித்தது. எனினும், ஆண்டுகள் செல்ல அதன் பயன் நிலைத்து நிற்பதில்லை. கட்டுப்பாடற்ற அசைவுகளும் தோன்றுவதுண்டு. இந்நிலையிலேயே ஆழ்மூளைத் தூண்டல் துணைபுரிகின்றது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987 இல் பெனபிட் என்பார் இம்முறைக்கு வழிவகுத்தார். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்வாய்கள் பதிக்கப்படும். தோலின் கீழ்ச் செல்லும் கம்பி, மார்பில் வைக்கப்பட்ட கருவியுடன் அவற்றை இணைக்கும். பொதுவாகச் செக்கனுக்கு 130 அளவிலான மின்துடிப்புக்கள் செலுத்தப்படும். மூளையின் ஒரு பகுதியைச் சிதைத்த முந்திய சிகிச்சை போலன்றி, இதனை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் இயலும்.

சாதாரண மின்கலம் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்போது மார்பை மீண்டும் கீறிக் கருவியை மாற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் செலவும் கிருமித்தொற்று அபாயமும் உள. மின்னூட்டத்தக்க கருவியோ ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைக்கவல்லது. மார்பின் மேல் வைக்கப்படும் சுருளிலிருந்து, மின்காந்தத் தூண்டல் வாயிலாகத் தோலைக் கடந்து சக்தி உட்செல்கின்றது.

ஆயினும், இங்கே சுமை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு இடம்பெயர்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது. நாள்தோறுமோ, சில நாட்களுக்கு ஒருமுறையோ மின்னூட்டல் வேண்டும். நடுங்கும் கையுடைய முதியவர் சுருளை உரிய இடத்தில் எவ்வாறு வைப்பார்? பிள்ளைகள் புலம்பெயர்ந்த வீட்டில் அவருக்கு யார் நினைவூட்டுவார்? 2022 இல் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தமையையும் எண்ணுதல் வேண்டும். தூண்டல் திடீரென நின்றால் அறிகுறிகள் மீளும். சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

எனவே, புதியது எதுவாயினும் சிறந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. துணையின்றி வாழ்பவருக்குச் சாதாரண மின்கலமே ஏற்றதாகலாம். இளவயதினருக்கும், மிகுந்த மின்னோட்டம் வேண்டப்படுபவருக்கும் மின்னூட்டத்தக்கது பெருநன்மை தரும். எவ்வகையாயினும் இது நோயைத் தீர்ப்பதன்று, அறிகுறிகளைத் தணிப்பதே. கருவியைப் பொருத்துவதோடு சிகிச்சை முற்றுப்பெறுவதில்லை. அதனைச் சீர்செய்யும் நிபுணர், தடையற்ற மின்சாரம், வீட்டில் ஒரு துணை ஆகிய மூன்றும் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பாகும்வரை, இவ்விஞ்ஞானப் பேறு வசதியுடையார்க்கு மட்டுமே உரியதாயிருக்கும்.