‘அனுமதி இல்லை’ன்னு வருதா? வீட்டு சர்வரைத் திறக்க 5 வாசல்கள்!

தாத்தாவின் சதாபிஷேக வீடியோ, அக்கா கல்யாண ஆல்பம், நீங்கள் மழலை பேசிய ஆடியோ... எல்லாம் ஸ்ரீரங்கம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், ஷேர்டு ஃபோல்டரில் இருக்கு. போனில் திறந்தால் மட்டும் ‘அனுமதி இல்லை’ என்கிறதா? பதற்றத்தில் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மெட் பண்ணிடாதீங்க. ஃபைல் போச்சுன்னு அர்த்தமில்லை. உங்களை வாசலில் நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்.

எந்த வாசலில்? ரங்கநாதர் கோயிலை நினைச்சுக்கோங்க. ராஜகோபுரத்தில் நுழைந்ததும் மூலஸ்தானம் வந்துவிடாது. ஏழு பிரகாரம் கடக்கணும். இங்கேயும் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு வாசலாகப் பாருங்க.

1. ஒரே வைஃபையா?

போன் மொபைல் டேட்டாவில் ஓடுதான்னு பாருங்க. விபிஎன் இருந்தால் அணைச்சுடுங்க. கெஸ்ட் வைஃபையில் சர்வர் பெரும்பாலும் தெரியாது. நீள வீடு என்று கொல்லைப் பக்கம் இரண்டாவது ரவுட்டர் வச்சிருக்கீங்களா? முன்பக்கம் 192.168.0, பின்பக்கம் 192.168.1 என முகவரி தொடங்கினால், இரண்டும் தனித்தனி நெட்வொர்க். பின்பக்க ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடுக்கு மாத்துங்க.

2. முகவரி மாறிடுச்சா?

கரன்ட் போய் வந்ததும் சர்வருக்குப் புது ஐபி முகவரி கிடைத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் அதைப் பார்த்து, நிரந்தரமாக ஒதுக்கிடுங்க. ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பிலோ, ஆண்ட்ராய்டில் விஎல்சியிலோ பெயருக்குப் பதில் அந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்க.

3. கதவு திறந்திருக்கா?

சர்வர் தூக்கத்துக்கு (ஸ்லீப்) போயிருக்கான்னு பாருங்க. விண்டோஸ் என்றால் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் பண்ணுங்க.

4. யார் நீங்க?

கம்ப்யூட்டரைத் திறக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது; அக்கவுன்ட் பாஸ்வேர்டுதான். லினக்ஸில் சாம்பா என்றால் அதற்குத் தனி பாஸ்வேர்டு. ‘லேப்டாப்பில் நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் ஆனதும் நின்னுடுச்சு’ என்றால் இதைக் கவனிங்க: 2024-ல் வந்த விண்டோஸ் 11 24எச்2 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பை ஏற்பதில்லை. சர்வரில் உங்களுக்கு ஒரு யூசர் உருவாக்கிடுங்க.

5. ஃபோல்டர் விடுதா?

விண்டோஸில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ என இரண்டு அனுமதிகள். எது கறாரோ, அதன் பேச்சுதான் செல்லும். இரண்டிலும் உங்கள் பெயர் இருக்கணும்.

குறுக்கு வழி வேண்டாம்!

‘எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணு, சரியாயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீங்க. 2017 மே மாதம் உலகைப் பூட்டிப்போட்ட வான்னாக்ரை, அந்தப் பழைய வழியில் இருந்த ஓட்டையில்தான் பரவியது. வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் 445-ம் போர்ட்டைத் திறப்பதும் அதே அளவு ஆபத்து. விபிஎன் வழியாக வாங்க.

ஃபோல்டர் திறந்ததும் முதல் வேலை, இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி. அதை அதே அலமாரியில் வைக்காதீங்க. காவிரிக்கு அந்தப் பக்கம், தில்லைநகர் சித்தி வீட்டில் கொடுத்து வைங்க.