உங்களுக்குத் தெரியுமா? வேலந்தாவளத்து வேலியோரம்

● கேரளத்தில் கரிசல் மண் கிடப்பது பாலக்காடு மாவட்டத்தில்தான், அதிலும் குறிப்பாகச் சித்தூர் தாலுகாவில். அதன் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையில் வேலந்தாவளம். கணவாய்க் காற்றும் பனைமரமும் காய்கறித் தோட்டமுமான ஊர். கேரளம் என்றதும் கண்ணில் வரும் பச்சையை இங்கே தேடக்கூடாது. வண்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் பூந்தோட்டம் போடுகிறோம் என்று நர்சரியில் மலைநாட்டுச் செடி வாங்கி வைத்தால் பங்குனி, சித்திரையில் சருகுதான் மிஞ்சும். ஆவாரை, எருக்கு, தும்பை, கிலுகிலுப்பை போதும். நான்குக்கும் காசு வேண்டாம்.

● தக்காளிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் குழாய்க்குள் அடைபட்டிருக்கும்; நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அதை எடுக்கும் வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். பூவைக் கவ்வித் தொங்கி, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். உப்புக் குப்பியைத் தட்டினாற்போல் தூள் கொட்டும். காலையில் வரப்பில் குந்தியிருந்து கேளுங்கள்: பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவில் தொங்கியதும் சட்டென்று சுருதி ஏறிவிடும். காற்றே தக்காளிக்குப் பாதி வேலையைச் செய்துவிடும் என்றாலும், இப்படி அதிர்ந்த பூவில் காய் திரட்சியாக வரும். கத்தரியும் ஆவாரையும் இதே ரகம். ஆகவே தக்காளி இல்லாத மாதங்களில் வேலியோர ஆவாரைதான் இந்தத் தேனீக்குச் சோறு. வீடு? மண்சுவரிலும் வரப்பிலும் இருக்கும் பொந்து. வரப்புக்கு சிமெண்ட் பூசினால் அதுவும் போச்சு.

● "சாயங்காலம் மருந்தடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். பூசணிக்கும் பாகலுக்கும் சரி. அவை விடிகாலையில் விரியும். பீர்க்கம்பூ விரிவதே சாயங்காலம். புடலம்பூ அதற்கும் பிறகு, இருட்டில், அந்துப்பூச்சிக்காக. எல்லாம் ஒரே பந்தலில் படர்ந்திருந்தால் அந்த யோசனை பாதிக்குத்தான் உதவும்.

● முருங்கைப் பூவைச் சுற்றும் அந்தக் கன்னங்கரிய 'வண்டு' உண்மையில் வண்டே அல்ல, தச்சுத்தேனீ. எருக்கம்பூவுக்கும் அதுதான் ஆள். காய்ந்த கட்டையைத் துளைத்துக் குடியிருக்கும்.

● கறிவேப்பிலையைத் தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண்களில் சில, ஆடுதீண்டாப்பாளை குடும்பத்துச் செடிகளைத் தின்று நஞ்சேறிய பட்டாம்பூச்சிகளைப் போல வேடம் போடும். ஏமாந்த பறவை தொடாது. ஆடு தீண்டாததைத் தின்றவரைப் பறவையும் தீண்டாது என்ற கணக்கு!

● உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கிறதே, வைக்கலாமா? வேண்டாம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்து காட்டையே பிடித்துக்கொண்ட செடி அது. தேன் தரும், ஆனால் நம் பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் அதில் முட்டையிட்டுக் குடும்பம் நடத்துவதில்லை. எருக்கு அப்படியல்ல, இலையைப் புரட்டினால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் வரிபோட்ட புழு இருக்கும்.

● பழைய கொங்கு வேலி கிளுவை. அதன்மேல் கோவை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி. ஒன்று மாற்றி ஒன்று பூக்கும். கணவாய்க் காற்றுக்கு மறைவும் ஆகும். பட்டாம்பூச்சி காற்றடிக்கும் வெட்டவெளியில் தங்காது. கம்பிவேலி போட்ட அன்றே நூறு அடி நீளத் தோட்டம் ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு, இப்போது பூங்காவுக்கு இடம் தேடுகிறோம்.

● இடம் பெரிதாக வேண்டியதுமில்லை. கேரள அரசின் ஹரித கேரளம் இயக்கம் 2019-இல் தொடங்கிய 'பச்சத்துருத்து' திட்டத்தில் நாட்டு மரம் செடிகளைக் கூட்டமாக வளர்க்க அரை சென்ட் இருந்தாலே போதும். பள்ளி, கோயில், பஞ்சாயத்து என எந்த மூலையானாலும் சரி.

● நீல வரியன், கருப்பன் பட்டாம்பூச்சிகள் மேற்கு மலைக்கும் கிழக்குச் சமவெளிக்குமாக ஆண்டுக்கு இருமுறை கூட்டமாக இடம்பெயரும். வழியில் கிலுகிலுப்பையில் அவற்றின் ஆண்களே அதிகம் அமரும். வாடிய தண்டைக் காலால் கீறி அதிலுள்ள கசப்புச் சத்தை உறிஞ்சும். பெண்ணை மயக்கும் மணம் அதிலிருந்துதான் தயாராகும். ஆகவே தோட்டத்தைச் 'சுத்தம்' செய்ய வருகிறவரிடம் முதலில் சொல்லவேண்டியது: காய்ந்த கிலுகிலுப்பையைப் பிடுங்காதீங்க.