இரண்டாவது தம்ளரில் இருக்கிறது வில்லங்கம்

ஹோலியன்று காலை காசியில் ஒருவர் தண்டாய் குடிக்கிறார். பால், பாதாம், சோம்பு, மிளகு. கூடவே விழுதாக அரைத்த பாங், அதாவது கஞ்சாச் செடியின் இலை. அரை மணி ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. "சரக்கு சரியில்லை" என்று இன்னொரு தம்ளர் வாங்குகிறார். மதியத்துக்குள் இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடுகின்றன.

போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-இல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலும் நெய்யிலும் பாங்கைச் சேர்க்கும் பழக்கம் இந்தக் குணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

புகையாக உள்ளே போனால் வழி சுருக்கம். நுரையீரலிலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து மூளை. பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டு, பிறகு சரசரவென்று இறங்கும்.

வயிற்று வழி அப்படியல்ல. குடல் உறிஞ்சியது முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே நொதிகள் டி.எச்.சி.யில் பெரும்பகுதியைப் பிடித்து மாற்றிவிடுகின்றன. விழுங்கியதில் பத்தில் ஒரு பங்கு மாறாமல் தப்பினாலே அதிகம். அப்படியானால் போதை குறைய வேண்டுமே? குறைவதில்லை. கல்லீரல் முதலில் உண்டாக்கும் 11-ஹைட்ராக்ஸி-டி.எச்.சி. என்ற பொருளுக்கும் போதை உண்டு. மூளைக்குள்ளும் அது எளிதாக நுழையும். புகைப்பவர் உடலிலும் இது உண்டாகிறது, ஆனால் மிகக் குறைவு. ஆகவே குடிப்பவருக்கும் புகைப்பவருக்கும் கிடைப்பது ஒரே போதை என்று சொல்வதற்கில்லை. குடித்தவருக்கு உச்சம் வர ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகலாம். ஏறியது இறங்க அரை நாள் பிடிக்கலாம்.

மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பிகள் கஞ்சாவுக்காக அமைந்தவை அல்ல. நம் உடலே சுரக்கும் ஒரு பொருளுக்கானவை. அந்தப் பொருளை 1992-இல் கண்டுபிடித்தவர்கள், சமஸ்கிருத 'ஆனந்த'த்திலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மிதமிஞ்சிப் போனவருக்கு வருவது ஆனந்தமல்ல. படபடப்பு, பயம், வாந்தி.

போதை தெளிந்தாலும் கணக்கு முடிவதில்லை. டி.எச்.சி. கொழுப்புத் திசுவில் போய்த் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. கல்லீரல் அதைப் போதையற்ற கழிவாக மாற்ற, பெரும்பகுதி மலத்திலும் மீதி சிறுநீரிலும் வெளியேறுகிறது. தினமும் எடுத்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் சிறுநீர்ச் சோதனையில் அகப்படுவது இதனால்தான். அந்தச் சோதனை பார்ப்பது கழிவைத்தான். ஆள் இப்போது போதையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

கடைசியாக ஒன்று. டி.எச்.சி.யை உடைக்கும் அதே நொதிதான், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையையும் உடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மருந்து உடலில் தேங்கி, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ஹோலிக்குத்தானே குடித்தோம் என்று வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மறைக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.